ஈடிப்பஸும் ஆற்றங்கரைப் பிள்ளையாரும்

1931இல் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தபோது, கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்கு ஒரு பரிசு போய்ச் சேர்ந்தது. தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை. அனுப்பியது இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். ஃப்ராய்ட் அதைத் தம் எழுதுமேசையில் வைத்துக்கொண்டார். தம்முடைய துறை தொலைதூர நாடுகளில் பெற்ற வெற்றிகளை அந்தச் சிலை தமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என்ற பொருள்பட நன்றிக் கடிதமும் எழுதினார்.

சிலையை அனுப்பியவர்கள் அப்படி முழுதாக வெல்லப்பட்டவர்கள் அல்லர். அந்தச் சங்கத்தை 1922இல் பார்சிபாகான் சந்திலிருந்த தம் வீட்டிலேயே தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ். மருத்துவர். மனம் தன் விருப்பங்களை எப்படி உள்ளே அழுத்தி வைக்கிறது என்பது பற்றிப் பெரும்பாலும் தாமாகவே சிந்தித்து, அந்த ஆய்வுக்காகக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1921இல் நூலாக வந்த அந்த ஆய்வை ஃப்ராய்டுக்கு அனுப்பியதில் தொடங்கிய கடிதத் தொடர்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்தக் கடிதங்களில் போஸ் பணிவாக, ஆனால் விடாப்பிடியாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தந்தை தன்னை ஆண்மை நீக்கிவிடுவார் என்ற அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரிகிற அளவுக்குத் தம்மிடம் வரும் இந்திய நோயாளிகளிடம் முனைப்பாகத் தெரியவில்லை. பெண்ணாக, தாயாக இருந்துபார்க்கும் விருப்பம்தான் இவர்களிடம் எளிதாக வெளிப்படுகிறது என்றார். ஃப்ராய்ட் மறுப்பை மரியாதையோடு எழுதினார்; ஏற்கவில்லை.

வேறு ஏதோ ஒரு கொள்கையைப் பற்றிய தகராறாக இது இருந்திருந்தால் மருத்துவ இதழ்களோடு முடிந்திருக்கும். ஆனால் தகராறின் நடுவில் ஒரு கதை இருந்தது. தெரியாமல் தந்தையைக் கொன்று, தெரியாமல் தாயை மணந்த தீப்ஸ் நகர அரசன் ஈடிப்பஸின் கதை. மனித மனம் முழுவதற்கும் அதுவே வரைபடம் என்றார் ஃப்ராய்ட். அந்த வரைபடம் கல்கத்தாவுக்கும் டோக்கியோவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போனபோது என்ன ஆயிற்று என்று பின்தொடர்ந்து பார்ப்பது, தொன்மத்துக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நல்ல வழி. தொன்மங்கள் எல்லாம் நனவிலி மனத்தின் மறைமொழி, அகராதி எங்களிடம் இருக்கிறது என்பவர்களும், எங்கள் புராணத்தில் உளவியலுக்கு வேலையில்லை என்பவர்களும் ஒரே கேள்வியைத் தவிர்க்கிறார்கள். கதையை யார், யாருக்கு, யாருடைய பக்கத்திலிருந்து சொன்னார் என்ற கேள்வி அது. மனம் கதையில் தெரிகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது யாருடைய மனம் என்பதைச் சொன்னவரிடமிருந்துதான் தொடங்கிக் கேட்க வேண்டும்.

ஃப்ராய்டிடமிருந்தே தொடங்கலாம். 1896 அக்டோபரில் அவருடைய தந்தை யாக்கோப் இறந்தார். அதுவரை ஃப்ராய்ட், தம் நோயாளிகளின் மனக்கோளாறுக்குக் காரணம் குழந்தைப் பருவத்தில் பெரியவர்கள் உண்மையாகவே இழைத்த பாலியல் கொடுமை என்று நம்பிவந்தார். 1897 செப்டம்பரில் அந்தக் கருத்தைத் தம்மால் இனி நம்ப முடியவில்லை என்று நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸுக்கு எழுதினார். அதே நண்பருக்கு அக்டோபர் 15 அன்று எழுதிய கடிதத்தில், தாயிடம் காதலும் தந்தையிடம் பொறாமையும் தமக்குள்ளேயே இருந்ததைக் கண்டதாகவும், ஈடிப்பஸ் நாடகம் பார்வையாளரை ஏன் அப்படிப் பிடித்து உலுக்குகிறது என்பது இப்போது புரிவதாகவும் எழுதினார். 1900ஆம் ஆண்டு என்று தேதியிடப்பட்டு வெளிவந்த கனவுகள் பற்றிய நூலில் இது விரிந்தது. ‘ஈடிப்பஸ் சிக்கல்’ என்ற பெயர் அச்சில் வந்தது 1910இல்.

தேதிகளை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. பெரியவர் குழந்தைக்குச் செய்தது என்ற விளக்கத்தைக் கைவிட்ட சில வாரங்களுக்குள், குழந்தை பெரியவர்மேல் கொண்ட விருப்பம் என்ற விளக்கம் வந்து சேர்கிறது. அதற்குத் துணையாக எடுத்த கதையிலும் அதே திருப்பம் நிகழ்ந்தது. சோஃபக்ளீஸின் நாடகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: முதல் வன்முறை மகனுடையது அன்று. பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி, சிதைரோன் மலையில் எறிந்துவிட ஆணையிட்டவன் தந்தை லாயஸ். பல ஆண்டுகள் கழித்து முச்சந்தியில் ஈடிப்பஸின் தலையில் தார்க்கோலால் ஓங்கி அடித்தவனும் அவனே. அடி வாங்கிய பிறகுதான் மகன் கொல்கிறான். ஃப்ராய்டின் விளக்கத்தில் இந்தத் தந்தையின் குற்றத்துக்கு இடமே இல்லை. 1953இல் ஜார்ஜ் டெவெரோ என்ற மானிடவியலாளர், ஈடிப்பஸ் லாயஸை ஏன் கொன்றான் என்பதையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதி இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். ஆண்கள் உருவாக்கிய ஒரு துறை, தந்தையின் வெறுப்பைப் பார்க்காமல் மகனின் வெறுப்பை மட்டும் பார்த்தது தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

ஈடிப்பஸ் கதை கிரேக்கத்திலேயே ஒரே வடிவில் இருந்ததும் இல்லை. ஹோமரின் ஒடிசியில் ஈடிப்பஸின் தாய்க்கு எபிகாஸ்டே என்று பெயர். உண்மை தெரிந்ததும் அவள் தூக்கில் தொங்குகிறாள். அவனோ துயரத்தோடு தீப்ஸை ஆண்டுகொண்டே இருக்கிறான். கண்களைக் குத்திக்கொள்ளும் செய்தி அங்கே இல்லை. ஃப்ராய்ட் எடுத்துக்கொண்டது கிரேக்கத் தொன்மத்தை என்பதைவிட, ஏதென்ஸ் நகரத் திருவிழாவில் மேடையேறிய ஒரு நாடகாசிரியரின் ஒரு பாடத்தை என்பதே சரி.

முதல் பெரிய எதிர்ப்பு பசிபிக் கடலிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் ஆண்டுகளில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்ந்த புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, அங்கே தாய்வழிக் குடும்பம் இருப்பதைக் கண்டார். அதிகாரம் தாய்மாமனுடையது, தந்தை செல்லம் கொடுக்கும் தோழர். மகனின் மனக்கசப்பு மாமன்மேல் போகிறது. கடும் விலக்குக்கு உள்ளான ஆசை சகோதரிமேல். அவர் பதிவுசெய்த கதையில், அண்ணன் தயாரித்துக் குடிசையில் தொங்கவிட்ட காதல் மந்திர எண்ணெய் தவறுதலாகத் தங்கைமேல் சிந்துகிறது. அவள் அவனைக் கடற்கரை நெடுக விரட்டிப் பிடிக்கிறாள். இருவரும் ஒரு குகையில் உணவின்றி மடிய, அவர்கள் மார்பிலிருந்து நறுமணச் செடி முளைக்கிறது. குடும்பம் மாறினால் மனச்சிக்கலும் மாறும், கதையும் மாறும் என்று 1927இல் வெளிவந்த நூலில் மாலினோவ்ஸ்கி வாதிட்டார். ஃப்ராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் இதைக் கடுமையாக மறுத்தார். 1982இல் மெல்ஃபோர்ட் ஸ்பைரோ அதே தரவுகளை மறுபடி புரட்டி, ஈடிப்பஸ் அங்கேயும் இருக்கிறார், இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கிறார் என்றார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கண்ணனைக் கொல்லக் காத்திருந்த கம்சன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, குழந்தையின் எதிரி தாய்மாமனாகவும் இருக்கலாம் என்பதில் வியப்பில்லை.

*

ஜப்பானுக்குப் போன பயணம் எனக்கு இவை எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஹெய்சாகு கோசாவா என்ற மனநல மருத்துவர் 1932இல் வியன்னாவுக்குச் சென்று ஃப்ராய்டைச் சந்தித்தார். குற்றவுணர்வு இரண்டு வகை என்று சொல்லும் ஒரு கட்டுரையை அவரிடம் கொடுத்தார். அதன் அடிப்படை ஈடிப்பஸ் அல்லன். மகத நாட்டு அரசன் அஜாதசத்ரு. ஜப்பானியர் அவனை அஜாசே என்பார்கள். பிம்பிசாரனுக்கும் வைதேகிக்கும் பிறந்து, தந்தையைச் சிறையிலடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றவன். கணவனைக் காப்பாற்ற வைதேகி தன் உடலில் மாவையும் தேனையும் பூசிக்கொண்டு சிறைக்குள் போய் வந்ததை அறிந்து அவளையும் வெட்டப்போனவன். பின்பு உடலெங்கும் புண் வெடித்து, குற்றவுணர்வில் வெந்து, புத்தரிடம் அடைக்கலம் தேடியவன்.

கோசாவாவும் அவருக்குப் பின் இதை விரித்தெழுதிய கெய்கோ ஒகோனோகியும் சொன்ன கதையில் மையம் தாய். கணவனின் அன்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சிய வைதேகி ஒரு பிள்ளையை விரும்புகிறாள். காட்டிலுள்ள முனிவர் ஒருவர் சில ஆண்டுகளில் இறந்து அவளுக்கு மகனாகப் பிறப்பார் என்று தெரிகிறது. காத்திருக்க முடியாமல் முனிவரைக் கொல்லச் செய்கிறாள். கருவுற்றபின் அச்சம் பிடித்து, குழந்தையை உயரத்திலிருந்து விழும்படி பெற்றுப்போடுகிறாள். விரல் மட்டும் ஒடிந்து அது பிழைத்துக்கொள்கிறது. வளர்ந்த மகன் இந்த உண்மையை அறிகிறான். அவனுடைய கோபம், தாயை அடைய முடியாத கோபம் அன்று. தன்னைத் தானாக விரும்பாத தாய்மேல் எழுந்த கோபம். அவன் மனந்திருந்துவது தண்டனைக்கு அஞ்சி அன்று. புண்ணழுகிக் கிடந்தபோது அதே தாய் அருகிருந்து பணிவிடை செய்து மன்னித்ததால். மன்னிக்கப்பட்டதால் எழும் குற்றவுணர்வு, தண்டனை அச்சத்தால் எழும் குற்றவுணர்விலிருந்து வேறானது என்றார் கோசாவா. ஃப்ராய்ட் இதில் பெரிய அக்கறை காட்டவில்லை. ஜப்பானில் அது தாயும் மகனும் பற்றிய சிந்தனைக்கே அடித்தளமாயிற்று.

கதை இத்தோடு முடியவில்லை. பழைய பௌத்த நூல்களை ஒப்பிட்ட அறிஞர்கள் ஒரு செய்தியைக் கண்டார்கள். நிர்வாண சூத்திர மரபில் முனிவரைக் கொல்லச் செய்பவன் அரசன் பிம்பிசாரன். பாலி மரபிலோ முனிவரே இல்லை. கருவுற்ற அரசிக்குக் கணவனின் இரத்தத்தைக் குடிக்கும் வேட்கை எழ, அவன் தன் உடலைக் கீறிக் கொடுக்கிறான். பிறப்பவன் தந்தையைக் கொல்வான் என்று சோதிடர் சொல்ல, அரசி கருவைக் கலைக்க முயல்கிறாள், அரசன் தடுக்கிறான். தந்தையின் கையிலிருந்த கொலைப் பழி ஜப்பானிய உளவியலாளர் கையில் தாயிடம் இடம் மாறியிருக்கிறது. வியன்னாவில் தந்தையின் குற்றம் காணாமற்போனது. டோக்கியோவிலும் அதே குற்றம் காணாமற்போய்த் தாயின் தலையில் வந்து இறங்கியது. கோட்பாட்டாளர் தொன்மத்தை விளக்குவதாகச் சொல்லும்போதே அதை மறுபடி சொல்லிவிடுகிறார். குளோத் லெவி-ஸ்ட்ராஸ் 1955இல் எழுதிய கட்டுரையில், ஒரு தொன்மம் என்பது அதன் எல்லா வடிவங்களும் சேர்ந்ததே என்றும், ஈடிப்பஸ் தொன்மத்தின் வடிவங்களில் ஃப்ராய்டின் விளக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னதன் பொருள் இங்கே தெளிவாகிறது. கோசாவாவையும் அதே வரிசையில் சேர்க்கலாம். போஸையும்தான்.

*

இந்தியாவில் ஈடிப்பஸ் உண்டா என்று தேடியவர்களில் ஏ.கே. ராமானுஜனுக்குத் தனி இடம். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னட நாட்டுப்புறக் கதைகளை ஆண்டுக்கணக்கில் திரட்டியவர் அவர். மகன் தந்தையைக் கொன்று தாயை மணக்கும் கதையை அவர் நம் இதிகாசங்களில் தேடினார்; அந்த வடிவில் அகப்படவில்லை. வட கர்நாடகக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் சொன்ன கதையில் வேறு வடிவில் அகப்பட்டது.

மகனையே மணந்து அவனுக்குப் பிள்ளை பெறுவாள் என்று தலையெழுத்துடன் பிறந்த ஒரு பெண். விதியை வெல்ல ஆண் முகமே பார்க்காமல் காட்டுக்குள் போய்க் கனி தின்று வாழ்கிறாள். வழிப்போக்கனான ஓர் அரசன் சிறுநீர் கழித்த மாமரத்தின் கனியைத் தின்று கருவுறுகிறாள். பிறந்த ஆண்குழந்தையைத் தன் சேலைத் துண்டில் சுற்றி ஆற்றில் விடுகிறாள். வேற்று நாட்டு அரசனிடம் வளர்ந்த அவன் வேட்டைக்கு வந்து அவளைக் கண்டு மணக்கிறான். அவர்களுக்கு மகன் பிறக்க, குலவழக்கப்படி தந்தையைப் பிறந்தபோது சுற்றியிருந்த துணியைக் கொண்டுவருகிறார்கள். தன் சேலைத் துண்டை அவள் அடையாளம் காண்கிறாள். எல்லாரும் உறங்கியபின் தொட்டிலருகே தாலாட்டுப் பாடுகிறாள். தொட்டிலில் கிடப்பவன் தனக்கு மகன், பேரன், கணவனின் தம்பி என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடி முடித்து, சேலையை முறுக்கித் தூக்கு மாட்டிக்கொள்கிறாள்.

இந்தக் கதையில் தந்தை கொல்லப்படுவதில்லை. தந்தை என்று சொல்லத்தக்க ஆளே இல்லை. ஊழை அறிந்தவள், அதை எதிர்த்தவள், உண்மையைக் கண்டுபிடித்தவள், தீர்ப்பளித்துக்கொண்டவள் எல்லாம் ஒரே பெண். மகன் கடைசிவரை ஒன்றும் அறியாமல் தூங்குகிறான். சோஃபக்ளீஸ் நாடகத்தில் ஈடிப்பஸ் நிற்கும் இடத்தில் இங்கே அவன் தாய் யொகாஸ்டா நிற்கிறாள். ஐராவதி கார்வே 1950லேயே ஒரு மராத்தி வடிவத்தை அச்சில் தந்திருந்தார்; ஆக இது ஒற்றைக் கிராமத்துக் கற்பனை அன்று. பெண்கள் பெண்களுக்குச் சொல்லிவந்த கதையில் குடும்பத்தின் அதே முடிச்சு பெண் பக்கத்திலிருந்து தெரிகிறது. வியன்னாவின் படிப்பறையில் இது யாருக்கும் கேட்டிருக்காது.

ராமானுஜன் இதிலிருந்து ஒரு பொது விதியும் வகுத்தார். மேலைக் கதைகளில் மகன் தந்தையை அழிக்கிறான். இந்தியக் கதைகளில் தந்தை மகனை அழிக்கிறார் என்றார். தன் முதுமையை மகன் புருவின் இளமைக்கு மாற்றிக்கொண்ட யயாதி. தந்தை சாந்தனுவின் ஆசைக்காக வாழ்நாள் முழுதும் பிரம்மச்சரியம் பூண்ட பீஷ்மர். சிவனால் தலை வெட்டப்பட்ட பிள்ளையார். பட்டியல் வலுவானது. தமிழ் வாசகர் அதில் திருச்செங்காட்டங்குடியையும் சேர்ப்பார். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர், பைரவ வேடத்தில் வந்த சிவனடியாருக்காகத் தம் ஒரே மகன் சீராளனை அறுத்துக் கறி சமைக்கிறார். தாய் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொள்கிறாள்; பிள்ளை சிரிக்கிறது. இந்தக் கதையை ஆபிரகாமின் பலியோடு ஒப்பிட்டு டேவிட் ஷுல்மன் 1993இல் ஒரு நூலே எழுதினார். எந்த ஒப்பீட்டிலும் அடங்காத ஒன்று அந்த ஊரின் அமுதுபடையல் விழாவில் இருக்கிறது. பிள்ளைவரம் வேண்டி வரும் பெண்கள் சீராளங்கறி என்ற பிரசாதத்தை வாங்கி உண்கிறார்கள். கதையில் பறிபோன பிள்ளையை, கதை முடிவில் கூப்பிட்டதும் ஓடிவந்த பிள்ளையாக, அவர்கள் தங்கள் வயிற்றுக்குக் கேட்கிறார்கள். தந்தையின் பக்திக்குச் சான்றாகப் பாடப்பட்ட கதை அவர்களிடம் தாயின் வேண்டுதலாகிவிட்டது.

ராமானுஜனின் விதிக்கும் மறுப்பு உண்டு. வடமொழி இதிகாசங்களில் தந்தை எதிர்ப்பு இல்லாமல் இல்லை, அது குருவையும் பாட்டனையும் நோக்கித் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்று 1978இல் ராபர்ட் கோல்ட்மன் காட்டினார். பீஷ்மரையும் துரோணரையும் வீழ்த்தும் பாண்டவர்களை வேறெப்படிப் படிப்பது? மகாபாரதத்தின் அசுவமேதப் பகுதியில் பப்ருவாகனன் தன் தந்தை அர்ச்சுனனைக் கொன்றே விடுகிறான். உலூபி வந்து உயிர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. ‘இந்திய மனம்’ என்று ஒருமையில் பேசும் எந்த விதியும் நம் கதைகளின் பெருக்கத்துக்கு முன் நெடுநேரம் நிற்பதில்லை.

அதற்கு நம் வீட்டுப் பிள்ளையாரே சாட்சி. அவர் ஏன் ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் அரசமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று தமிழ்நாட்டில் சிறுவயதில் கேட்டவர்களுக்கு விடை தெரியும். எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்று தாய் பார்வதி கேட்க, உன்னைப்போல் ஒருத்தி என்றாராம். தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் பெண்கள் வரும் இடத்தில் உட்கார்ந்து இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம். உளப்பகுப்பாய்வாளர்கள் இந்தக் கதையை விடுவார்களா? இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர உட்படப் பலர் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். தாயை விட்டு நீங்க முடியாத இந்திய மகனின் சித்திரம் என்று வாசிப்பது எளிது. ஆனால் வடக்கே போனால் அதே விநாயகருக்குச் சித்தி, புத்தி என்று இரண்டு மனைவியர். வங்காளத்தில் துர்க்கை பூசையன்று சேலை கட்டிய வாழைக்கன்று அவர் அருகில் நிற்கிறது; மக்கள் அதை அவர் மனைவி என்பார்கள். இங்கே வள்ளி தெய்வானையோடு வாழும் முருகனோ வடநாட்டில் பல இடங்களில் பிரம்மச்சாரி. அரியானாவின் பெஹோவாவில் கார்த்திகேயன் கோயிலுக்குள் பெண்கள் போவதில்லை என்பது வழக்கம். அண்ணனும் தம்பியும் விந்திய மலையைத் தாண்டும்போது திருமண நிலையை மாற்றிக்கொள்கிறார்கள். தாயை விட்டு நீங்காத மகன், வெளியே போய் மணந்துகொண்ட மகன் என்ற இரண்டு வாய்ப்புகள் இரண்டு நிலத்துக்கும் பொது. எந்தப் பிள்ளைக்கு எது என்று ஒவ்வொரு நிலமும் தனியே முடிவுசெய்திருக்கிறது.

மாம்பழக் கதையும் அப்படியே. உலகைச் சுற்றிவந்தவனுக்குக் கனி என்று சொன்னபோது மயிலேறிப் பறந்தவன் முருகன். அம்மையப்பனைச் சுற்றிவந்து வென்றவர் பிள்ளையார். உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் இதில் இந்திய ஆண்குழந்தையின் இரண்டு ஆசைகளைக் கண்டார். தாயோடு ஒட்டியிருக்கும் ஆசைக்குப் பரிசு கிடைக்கிறது. தனித்துப் போகும் ஆசைக்கு விலையாகத் தாயை இழக்க நேர்கிறது என்பது அவர் வாசிப்பு. நுட்பமான வாசிப்பு, ஆனால் பழனி மலையை அது எட்டவில்லை. பெற்றோர் இந்தக் கதையைச் சொல்வது பெற்றோரே உலகம் என்று கற்பிப்பதற்கு. கேட்கும் குழந்தையோ, சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு வந்து ஏமாற்றப்பட்ட தம்பியின் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறது. தமிழர்கள் காவடி எடுத்துக்கொண்டு படியேறுவது பழத்தை வென்றவரிடம் இல்லை, கோபித்துக்கொண்டு ஆண்டியாய் நின்றவனிடம். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஒளவையாராகக் கே.பி. சுந்தராம்பாள் அந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்த வந்தபோது கண்கலங்கியவர்களுக்கு, நீதி பெற்றோர் பக்கம் இருந்ததாகத் தோன்றியிருக்காது. சொல்பவருக்கு ஒரு மனமும் கேட்பவருக்கு வேறு மனமும் இருந்து, இரண்டையும் ஒரே கதை தாங்குகிறது. இந்த இரட்டைத் தாங்குதிறன் இல்லாத கதைகள் தலைமுறை தாண்டுவதில்லை என்பது என் கணிப்பு.

இந்தப் பன்மையை யுங் வழிப் பார்வையில் காண்பது கடினம். எல்லா மனிதர்க்கும் பொதுவான ஆதிப் படிமங்கள் உண்டு, தொன்மங்கள் அவற்றிலிருந்து ஊறுகின்றன என்ற கார்ல் யுங்கின் கருத்து அழகானது. கலைஞர்களுக்கு ஊக்கம் தந்தது. ஆனால் மாரியம்மனும் கண்ணகியும் காளியும் மேரியும் ‘பெருந்தாய்’ என்ற ஒரே பெயருக்குள் போய்விட்டால், நோய் தந்து நோய் தீர்ப்பவளுக்கும் நீதி கேட்டு நகரை எரித்தவளுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

*

தொன்மத்தை மனம் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை நூல்களை விட்டுவிட்டு மனிதர்களிடமே போய்ப் பார்த்தவர் ஒபயசேகர. 1981இல் வெளிவந்த அவருடைய நூல், இலங்கையின் கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்துச் சாமியாடும் பெண்களைப் பற்றியது. கணவனிடம் அடிபட்டவர்கள், இறந்துபோன தாய்க்கோ தந்தைக்கோ கடமை தவறிவிட்டோம் என்று உள்ளுக்குள் நொறுங்கியவர்கள். முதலில் இறந்த உறவினரின் ஆவி வந்து அவர்களை வாட்டுகிறது. மயக்கம், அலறல், ஊரார் ஏச்சு. பிறகு கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், விரதம் இருக்கிறார்கள். வாட்டிய ஆவி காவலாக மாறுகிறது. ஒருநாள் முடி தானாகத் திரண்டு சடையாகிறது. அது கடவுள் தந்த வரம் என்கிறார்கள். மணவாழ்க்கையை விட்டு விலகி, குறி சொல்பவராக ஊரில் மதிப்போடு வாழத் தொடங்குகிறார்கள்.

மருத்துவமனைக்குப் போயிருந்தால் இவர்களுக்கு ஒரு நோய்ப்பெயர் கிடைத்திருக்கும். கதிர்காமத்தில் கிடைத்தது ஒரு கதைக்குள் இடம். முருகன் வள்ளியைத் தேடி வந்த மலையில், அவன் அருளுக்கு உரியவள் என்ற இடம். தனி ஒருத்தியின் வேதனை, எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொன்மத்தின் மொழியில் பேசத் தொடங்கும்போது ஊருக்குப் புரிகிறது. புரிந்ததால் அவளுக்குத் தனிமை குறைகிறது. இதைத்தான் பண்பாட்டின் வேலை என்று ஒபயசேகர பிற்காலத்தில் பெயரிட்டார். எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. ஆவி பிடித்த நிலையிலேயே உழன்றவர்களும் உண்டு. சடை வளர்த்தவர்களை எல்லாம் குணமானவர்கள் என்று கொண்டாடுவதும், நோயாளிகள் என்று தள்ளுவதும் ஒரே அளவு அநீதி.

அதே தீவின் கிழக்கில், மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்கள் வைகாசியில் திறக்கும். கண்ணகி வழக்குரை பாடப்படும். நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் கதை இரவிரவாக ஓடி, கடைசியில் குளிர்த்தியில் முடியும். அவளுடைய வெம்மையைத் தணிக்கும் சடங்கு அது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்வமாக வழிபடுகிறார்கள். ஒபயசேகரவின் 1984ஆம் ஆண்டுப் பெருநூல் அந்த வழிபாடு பற்றியது. இரு மக்களிடமும் கொம்பு விளையாட்டு உண்டு. ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி ஒன்று முறியும்வரை இழுக்கும். சிங்களப் பகுதிகளில் தோற்றவர்களைப் பார்த்து வென்றவர்கள், மற்ற நாட்களில் வாயில் வராத வசைகளைப் பாடலாம். ஆண்களின் அவமான அச்சம் அங்கே பொதுவெளியில் கொட்டித் தீர்க்கப்படுகிறது என்று அவர் விளக்கினார். குளிர்த்தியைப் பற்றி எனக்குத் தோன்றுவது வேறு. அநீதிக்கு எதிரான பெண்ணின் கோபம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டபிறகே ஊர் அதைத் தணியக் கேட்கிறது. முதலில் வழக்குரை, பிறகு குளிர்த்தி. கோபத்தை அடக்கு என்று மட்டும் சொல்லிப் பழகிய எந்த அறிவுரையிலும் இந்த வரிசை இல்லை.

இத்தகைய வாசிப்புகள் சிலரைப் புண்படுத்தும் என்பதும் உண்மை. விநாயகரைப் பற்றி பால் கோர்ட்ரைட் 1985இல் எழுதிய நூலில் இருந்த உளப்பகுப்பாய்வுப் பகுதிகள் பிற்காலத்தில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. 2003இல் இந்தியப் பதிப்பாளர் நூலைத் திரும்பப் பெற்றார். மிரட்டலால் ஒரு நூல் கடையை விட்டுப் போவதை நான் ஏற்கவில்லை. அதே நேரத்தில், வழிபடுபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தும்பிக்கைக்கு இதுதான் பொருள் என்று நூலகத்திலிருந்து முடிவுசொல்வது ஆய்வில் குறையே. பிள்ளையாரைத் தோப்புக்கரணம் போட்டு வணங்கும் குழந்தையும், புதுக்கணக்கில் பிள்ளையார் சுழி போடும் வணிகரும், ஆற்றங்கரைக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பாட்டியும் அந்தத் தெய்வத்தின் பொருளில் பங்குடையவர்கள். அவர்களையும் கேட்ட பிறகு கோர்ட்ரைட்டோடு வாதிடலாம்.

கேட்பதற்குத்தான் காலம் குறைந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் அச்சான புராணங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை கோயிலிலும் அரசவையிலும் ஆண்கள் எழுதியவை. வட கர்நாடகத்து அந்தத் தாலாட்டுக் கதையைப் போன்றவை அடுப்படியிலும் நாற்றங்காலிலும் பிள்ளைப்பேற்று அறையிலும் சொல்லப்பட்டவை. அவற்றில் எழுத்துக்கு வந்தவை கொஞ்சம். வந்தவற்றிலும் பல, சொன்னவர் யார் என்ற குறிப்பே இல்லாமல் ‘ஒரு கிராமியக் கதை’ என்று அச்சேறியிருக்கின்றன. நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் மாணவர்களிடமும், வீட்டில் முதியவர் இருக்கும் எவரிடமும் ஒரு வேண்டுகோள்: கதையைப் பதிவுசெய்யும்போது அவர் ஒப்புதலோடு, சொன்னவரின் வயதையும் யாரிடமிருந்து கேட்டார் என்பதையும் யார் யார் இருக்கும்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்கள் எழுந்துபோன பிறகு கதை மாறினால், அந்த மாற்றத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.